உயில் தகராறு: கையெழுத்தைப் பார்க்குமுன் பத்திரத்தைப் பாருங்கள்

"இது அப்பா கையெழுத்தே இல்லை" என்றுதான் பெரும்பாலான உயில் சண்டைகள் தொடங்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சொத்தை உயில் எழுதிவைக்க அவருக்கு உரிமை இருந்ததா, இருந்தால் எவ்வளவுக்கு? உயில் அப்பழுக்கில்லாத உண்மையாகவே இருக்கலாம். வீட்டில் அவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது என்றால் உயிலும் அந்த மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். இதைப் பார்க்காமல் நேராகக் கையெழுத்து நிபுணரைத் தேடிப் போகிறவர்கள், பல வருடம் வழக்காடிக் களைத்த பிறகுதான் தாய்ப்பத்திரத்தைப் புரட்டுகிறார்கள்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை. இந்து குடும்பங்களை மையமாக வைத்து எழுதியிருக்கிறோம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

முதல் மாதத்தில் சேர்க்க வேண்டியவை

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். சான்றிதழில் பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றையும் பத்திரத்தோடும் ஆதாரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் "கோவிந்தசாமி", ஆதாரில் "கோவிந்தன்", பட்டாவில் "கோவிந்த கவுண்டர்" என்று இருப்பது சர்வசாதாரணம். மூவரும் ஒருவரே என்று பிறகு நிரூபிப்பது தனித் தலைவலி.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் வழங்குவார். இந்தச் சான்றிதழ் பங்கைத் தீர்மானிப்பதில்லை. யார் யார் வாரிசு என்று வருவாய்த் துறை நம்புகிறது என்பதற்கான காகிதம், அவ்வளவுதான். உங்கள் பெயர் விட்டுப்போனால் உரிமை போய்விடாது. வேண்டாதவர் பெயர் ஏறினாலும் அவருக்கு உரிமை வந்துவிடாது. ஆனால் வங்கியும் சார்பதிவாளர் அலுவலகமும் இதைத்தான் முதலில் கேட்கும் என்பதால், பெயர் விட்டுப்போயிருந்தால் உடனே கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

பிறகு வில்லங்கச் சான்று. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், கணினியில் கிடைக்கும் ஆண்டுவரை பின்னோக்கிப் போடுங்கள். இறப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளைக் கூர்ந்து பாருங்கள். உயில் சண்டை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கும்: வீடு ஏற்கெனவே தான செட்டில்மென்ட்டாக ஒருவர் பெயருக்குப் போயிருக்கும். செட்டில்மென்ட் எழுதியவர் உயிருடன் இருக்கும்போதே நடைமுறைக்கு வந்துவிடும். அந்தச் சொத்து உயிலுக்குள்ளும் வராது, வாரிசுப் பங்குக்குள்ளும் வராது. அதை எதிர்க்கிற வழக்கே வேறு.

வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது. வில்லங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் பதிவுப் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. உயில்கள் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். "வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், உயில் ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைவது இதனால்தான் தவறு. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கு மட்டுமே மூன்றாம் புத்தக நகல் கிடைக்கும். இறந்தபின் இறப்புச் சான்றைக் காட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் வசித்த ஊர், சொத்து உள்ள ஊர், கடைசிக் காலத்தில் தங்கியிருந்த பிள்ளையின் ஊர் என எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் தேடல் மனு போடுங்கள். உயிலை எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் பதிந்திருக்கலாம். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் இருப்பதால் அங்கேயும் கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனை ஆவணங்களைத் தள்ளிப்போடாதீர்கள். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களுக்கான விதி. அதற்குப் பிறகு அழித்துவிட்டால் கேட்க முடியாது. உயில் தேதியன்று அவர் சுயநினைவில் இருந்தாரா, என்ன மருந்து கொடுத்தார்கள், கையில் ஊசிக்குழாய் இருந்ததா என்பதெல்லாம் செவிலியர் குறிப்பேட்டில் மணி வாரியாக இருக்கும். உயில் வழக்கில் இதைவிட நடுநிலையான சாட்சி கிடைப்பது அரிது.

முதல் மாதத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையை வைத்துப் பணம் எடுக்காதீர்கள்; காரியச் செலவுக்கு என்றாலும் சரி. அவர் கொடுத்திருந்த பவர் பத்திரம் அவரோடு முடிந்துவிட்டது. அதை வைத்து எழுதும் கிரயம் செல்லாது. "பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து" என்று யாராவது முத்திரைத்தாளை நீட்டினால் முழுவதும் படிக்காமல் போடாதீர்கள். அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்து பதிவும் ஆகிவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அசல் உயில் கையில் இருந்தால் அதில் துளை போடுவது, லேமினேட் செய்வது, ஓரத்தில் குறிப்பு எழுதுவது எதுவும் கூடாது. ஒளிநகல் எடுத்துக்கொண்டு உறையில் போட்டுவிடுங்கள்.

சொத்து எந்த வகை?

"பூர்வீகச் சொத்து" என்ற சொல் குடும்பங்களில் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. அப்பா தன் பணத்தில் வாங்கியது தனிச் சொத்து. அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். பிள்ளைகள் கேட்க முடியாது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956க்குப் பின் உயில் எழுதாமல் இறந்து, வாரிசு என்ற முறையில் அப்பாவுக்கு வந்த பங்கும் அப்பா கையில் தனிச் சொத்துதான். தாத்தா சொத்து என்பதாலேயே பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை வந்துவிடாது. 1986 முதல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஊரில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

தலைமுறைகளாகப் பிரிக்காமல் வரும் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும். அதில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகளுக்கு இந்த உரிமையை நாடு முழுவதற்கும் கொடுத்தது 9-9-2005 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். தமிழ்நாடு அதற்கு முன்பே 25-3-1989 முதல் கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கியிருந்தது. 2005 திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 2005 செப்டம்பரில் அப்பா உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கில் 11-8-2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை. 20-12-2004க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் மகள் கலைக்க முடியாது. "எங்களுக்குள் வாய்வழியாக எப்போதோ பிரித்துவிட்டோம்" என்ற வாதத்தை நீதிமன்றங்கள் லேசில் ஏற்பதில்லை.

எண்ணில் பார்க்கலாம். கூட்டுக்குடும்ப நிலம், அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பா இறந்த நொடியில் பாகம் பிரித்ததாகச் சட்டம் பாவித்துக்கொள்ளும். அப்பா, மகன், மகள் மூவருக்கும் தலா மூன்றில் ஒன்று. தென்னகத்தில் இந்தப் பாவனைப் பிரிவினையில் அம்மாவுக்குத் தனிப் பங்கு இல்லை. அப்பாவின் மூன்றில் ஒன்று பிறகு அம்மா, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போகும். ஆக மகனுக்கு ஒன்பதில் நான்கு, மகளுக்கு ஒன்பதில் நான்கு, அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. அப்பா "எல்லாம் மகனுக்கே" என்று உயில் எழுதியிருந்தாலும் அவரால் கொடுக்க முடிந்தது தன் மூன்றில் ஒன்றை மட்டுமே. மகளின் மூன்றில் ஒரு பங்கை எந்த உயிலும் தொடாது.

வங்கி வைப்பு, பங்குகள், காப்பீடு ஆகியவற்றில் நாமினியாகப் பெயர் இருப்பவர் தானே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். காப்பீட்டில் 1983லும், பங்குகளில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே பயன் சேரும் என்கிறது. எனவே பாலிசி தேதியையும் பாருங்கள்.

உயிலே இல்லை என்றால்

இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் ஒரே நேரத்தில், சமமாகப் பெறுவார்கள்: மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா. முன்பே இறந்த பிள்ளையின் குடும்பத்துக்கும் ஒரு பங்கு. அப்பா முதல் வகுப்பில் இல்லை.

30 சென்ட் தனிச் சொத்தை விட்டு ஒருவர் இறக்கிறார் என்று வையுங்கள். மனைவி, அம்மா, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் முன்பே இறந்துவிட்டார்; அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும். மொத்தம் ஐந்து பங்கு, தலா 6 சென்ட். இறந்த மகனின் 6 சென்ட் அவர் மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் தலா 2 சென்டாகப் பிரியும்.

இந்தக் கணக்கில் பலர் மறப்பது பாட்டியின், அதாவது இறந்தவருடைய அம்மாவின், 6 சென்டை. ஒரு வருடம் கழித்துப் பாட்டியும் உயில் எழுதாமல் இறந்தால், அந்த 6 சென்டில் பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் பங்கு வந்துவிடும். சித்தப்பாவும் அத்தையும் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதிகளாக நிற்பது இப்படித்தான். பாட்டி இருக்கும்போதே, அவருக்கு விருப்பமிருந்தால், அந்தப் பங்கைப் பத்திரம் மூலம் தீர்த்துக்கொள்வது நல்லது.

பெண்ணின் சொத்துக்கு வேறு வரிசை. முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளை வழி யாருமே இல்லாவிட்டால், கணவன் பக்கம் போகாமல் அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

முதல் மனைவி இருக்கையில் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது. அந்த மனைவி வாரிசு இல்லை. அவருடைய குழந்தைகள் வாரிசுகள்தான். கூட்டுக்குடும்பச் சொத்தில் அவர்களுக்கு நேரடிப் பிறப்புரிமை இல்லை, ஆனால் பாவனைப் பிரிவினையில் அப்பாவுக்கு வரும் பங்கில் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2023 செப்டம்பர் 1 தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு வழக்குப் போட்டால், பிறகு அவர்கள் வந்து சேரும்போது பங்குக் கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் ஒருவர், இறுதிச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. வாரிசு ஒருவருக்கே கொடுப்பதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

உயில் செல்லுமா?

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ போட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சி கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன், மனைவிக்கோ எழுதிய சொத்து மட்டும் செல்லாது போகும். இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லை, என்றாலும் பயன்பெறுபவரின் மனைவியே சாட்சி என்றால் நீதிபதி புருவம் உயர்த்துவார். முஸ்லிம் உயிலுக்கு இந்த 63ஆம் பிரிவே பொருந்தாது, வாய்மொழியாகவும் சொல்லலாம்.

சட்டம் இவ்வளவு எளிதாக இருந்தும் உயில்கள் ஏன் தோற்கின்றன? நிரூபிக்கும் கட்டத்தில். உயிலை நம்பி வருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது உயிருடன், வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும். இது முன்பு சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இருந்தது. 1-7-2024 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 67ஆம் பிரிவு. மற்றப் பதிவுப் பத்திரங்களை எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் சாட்சி தேவையில்லை என்ற சலுகை உண்டு. உயிலுக்கு அது கிடையாது. பதிவான உயில், எதிர்த்தரப்பு மறுக்காத உயில் என்றாலும் சாட்சி வந்தாக வேண்டும். 30 ஆண்டு பழைய ஆவணம் தானே உண்மை என்ற அனுமானமும் உயிலுக்குப் பொருந்தாது.

குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும்? சாட்சி "அவர் கையெழுத்துப் போட்டார், நான் பார்த்தேன்" என்பார். "நீங்கள் கையெழுத்திட்டதை அவர் பார்த்தாரா?" என்று கேட்கப்படும். "நான் வெளியே திண்ணையில் வைத்துப் போட்டுக் கொடுத்தேன்" என்று ஒரு வாக்கியம் வந்தால் போதும், சாட்சியொப்பம் அங்கேயே ஆட்டம் காணும். அந்தச் சாட்சி சறுக்கினால் இரண்டாம் சாட்சியைக் கொண்டுவர வேண்டும். சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவர் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். எனவே உயிலை நம்பும் தரப்பாக இருந்தால், சாட்சிகளின் வயது, உடல்நிலை, தற்போதைய முகவரி மூன்றையும் முதல் வாரமே எழுதிவையுங்கள்.

எதிர்ப்பவர் எதைத் தேட வேண்டும்

1958இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வெங்கடாசல அய்யங்கார் எதிர் திம்மஜம்மா தீர்ப்புதான் இன்றும் அடிப்படை. உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால் அவற்றைக் களையும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருக்கே. மிரட்டல், ஏமாற்று, வற்புறுத்தல் என்று நீங்கள் சொன்னால் மட்டும் அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகவே "மிரட்டி வாங்கினார்கள்" என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டுச் சாட்சி இல்லாமல் நிற்பதைவிட, காகிதத்திலேயே தெரியும் சந்தேகங்களை அடுக்குவது பலமானது.

அசலை நீதிமன்றத்தில் ஆய்வு செய்ய மனு போட்டு, கையில் எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே வரிகள் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டுள்ளனவா? வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தின் அடையாளம் அது: மேலே இடைவெளி தாராளமாகத் தொடங்கி, கையெழுத்தை நெருங்க நெருங்க எழுத்து சுருங்கும், அல்லது வரி கையெழுத்தைச் சுற்றி வளைந்து போகும். முதல் பக்கங்களில் கையெழுத்து இருக்கிறதா, தாளும் மையும் ஒன்றா? அடித்தல் திருத்தல்களுக்குப் பக்கத்தில் எழுதியவரும் சாட்சிகளும் ஒப்பமிட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்தத் திருத்தம் செல்லாது. முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் பின்புறம் விற்பனையாளர் முத்திரை, வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் பாருங்கள். உயில் தேதிக்குப் பிறகு விற்ற தாள் என்றால் வழக்கு ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டவர் உயிலில் மட்டும் கைநாட்டு வைத்திருந்தால் அதற்கு மருத்துவக் காரணம் காட்டப்பட வேண்டும்.

யார் பத்திர எழுத்தரை அழைத்துவந்தார், யார் பணம் கொடுத்தார், பயன்பெறுபவர் அதே அறையில் இருந்தாரா என்பவை அடுத்த கேள்விகள். உயிலில் வயது, பிள்ளைகள் எண்ணிக்கை, சர்வே எண் தப்பாக இருந்தால் எழுதியவருக்கு வாசித்துக் காட்டவில்லை என்று வாதிடலாம். மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் விட்டிருப்பதும் கேள்விதான். அது மட்டுமே போதாது. இயல்பான வாரிசுவரிசையை மாற்றத்தானே உயில் எழுதுகிறார்கள் என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்கும்.

கையெழுத்து நிபுணர் அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள், அது கருத்துதான். ஒப்பிடுவதற்கு உயில் எழுதிய அதே காலத்து ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்துகள் வேண்டும்: வங்கி மாதிரிக் கையெழுத்து, காசோலைகள், ஓய்வூதிய ஆவணங்கள். இருபது வருடம் முந்தைய கையெழுத்தோடு படுத்த படுக்கையில் போட்டதை ஒப்பிட்டால் அறிக்கை உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

பதிவான உயில் என்றதும் சோர்ந்துவிட வேண்டாம். பதிவு நல்ல பலம், ஆனால் சந்தேகங்களை அது அழித்துவிடாது. சார்பதிவாளரின் கையெழுத்து தானாகவே சாட்சிக் கையெழுத்தாகவும் ஆகிவிடாது. பல உயில்கள் இருந்தால் பதிவானதா, பதியாததா என்பது முக்கியமில்லை. செல்லத்தக்கவற்றுள் கடைசியாக எழுதியதே நிற்கும்.

எந்த மனு, எங்கே?

உயிலைச் செயல்படுத்த வேண்டிய நிறைவேற்றுநர் என்று ஒருவர் பெயர் உயிலில் இருந்தால் அவர் கேட்க வேண்டியது புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. பெயர் இல்லையென்றால், அல்லது அவர் இறந்துவிட்டால், பயன்பெறுபவர் உயிலை இணைத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம்) கேட்க வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்றம், மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம். மனுவோடு சாட்சிகளில் ஒருவரின் சரிபார்ப்பும் தேவை. எதிர்ப்பவர் கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டால் மனு வழக்காக மாறி முழு விசாரணை நடக்கும். உங்களுக்குத் தெரியாமல் புரோபேட் வாங்கிவிட்டார்கள் என்றால், உரிய காரணம் காட்டி அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 263ஆம் பிரிவின்கீழ் ரத்து கேட்கலாம்.

சென்னை நகருக்குள் எழுதிய, அல்லது நகருக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்குப் புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று அந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு நெடுங்காலம் சொல்லிவந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு "கட்டாயம்" என்று சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள். விரும்பினால் புரோபேட் வாங்கும் வழி அப்படியே இருக்கிறது. தகராறு உள்ள குடும்பத்தில் அது பயனுள்ளதுதான். ஆனால் புரோபேட் நீதிமன்றம் உயில் உண்மையா என்பதை மட்டும் பார்க்கும். சொத்து அவருடையதா என்பதைத் தொடாது; அதற்குத் தனி வழக்கு வேண்டும்.

வங்கிப் பணம், பங்குகள், வசூலாக வேண்டிய கடன் இவற்றுக்கு மட்டும் உயில் இல்லாத நிலையில் வாரிசுரிமைச் சான்றிதழை நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் இதுவும் வேறு வேறு. நிலத்துக்கு இது உதவாது.

பங்கு கேட்பவருக்கான பொதுவான வழி பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பு உயிலைக் காட்டினால், அந்த வழக்கிலேயே அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுக்கு. பிராதில் (வழக்கைத் தொடங்கும் மனுவில்) எல்லாப் பங்காளிகளையும், பங்கு வாங்கிய மூன்றாம் நபர்களையும் சேர்க்க வேண்டும். எல்லாப் பொதுச் சொத்துகளையும் காட்ட வேண்டும். ஒரு சொத்தை விட்டுவிட்டால் "பகுதிப் பிரிவினை வழக்கு செல்லாது" என்ற எதிர்வாதம் வரும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்றால் நிலையான சிறு தொகைதான் நீதிமன்றக் கட்டணம். வெளியேற்றப்பட்டுவிட்டேன் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கூட்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, அதே பிராதில் "என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை" என்றும் எழுதுபவர்கள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

வழக்கோடு இடைக்காலத் தடையாணை மனுவும் போடுங்கள். தடையாணை கிடைத்தால் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தடை இல்லாமலே வழக்கு நடக்கையில் விற்றுவிட்டாலும் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் கட்டிடம் எழும்பிய பிறகு அதைச் செயல்படுத்துவது பெரும்பாடு.

முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. அது பங்கின் அளவை மட்டும் சொல்லும். அதோடு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் அதிகம். பிறகு இறுதித் தீர்ப்பாணை கோர வேண்டும். வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்த மூலை யாருக்கு என்று வரைபடத்தோடு அறிக்கை தருவார். பிரிக்க முடியாத வீடு என்றால் பங்காளிகளுக்குள் ஏலமோ பொது ஏலமோ நடக்கும். இறுதித் தீர்ப்பாணை கோரக் காலவரம்பு இல்லை. ஆனால் அது வந்த தேதியிலிருந்து 12 ஆண்டுக்குள் நிறைவேற்றுதல் மனு போட வேண்டும். தீர்ப்பாணையை எழுத முத்திரைத்தாள் நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தாமதித்தால் கடிகாரம் உங்களுக்காக நிற்காது.

காலவரம்புகள்

கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் பங்கு கேட்க வேண்டும். ஒரு பத்திரத்தை ரத்து செய்யவோ உரிமை விளம்புகை (உரிமை உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) கேட்கவோ 3 ஆண்டு. புரோபேட்டுக்கும் 3 ஆண்டுதான், ஆனால் இறந்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை. விண்ணப்பிக்கும் தேவை எழுந்த நாளிலிருந்து, பெரும்பாலும் யாராவது உயிலை மறுத்த நாளிலிருந்து. வாட்ஸப் செய்தியில் "உனக்குப் பங்கு கிடையாது" என்று வந்தாலும் அந்தத் தேதி கணக்குக்கு வரலாம். அழித்துவிடாதீர்கள்.

சமரசம் செய்வதென்றால்

வழக்கு போடுமுன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நிலுவை வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வரும். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் சர்வே எண், அளவு, எல்லை, பாதை உரிமை, கிணற்றுத் தண்ணீர் முறை வரை எல்லாவற்றையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் முன்னிலையில் பங்கு பிரித்து எழுதும் கூர்ச்சீட்டில் ஒரு கண்ணி உண்டு. "இன்று முதல் இவருக்கு இது, அவருக்கு அது" என்று அந்தத் தாளே பிரிப்பதாக எழுதினால் அது பாகப்பிரிவினைப் பத்திரம். பதிவு செய்யாவிட்டால் பங்கை நிரூபிக்கச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். ஏற்கெனவே வாய்வழியாக முடிந்ததை நினைவுக்காகக் குறிப்பதாக எழுதியிருந்தால் மட்டுமே பதிவில்லாமல் தப்பும். இந்த நூலிழை வித்தியாசத்தை நம்பிச் சொத்தை ஒப்படைக்காமல், முறையான பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பதிவான பின் அவரவர் பங்குக்கு உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். மின் இணைப்பு, சொத்து வரி, தண்ணீர் வரி எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள். மூலப் பத்திரத்தின் அசல் யாரிடம் இருக்கும், மற்றவர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.